செப்புக் கேபிள் திருட்டைத் தடுத்து இணையச் சேவையைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தொலைபேசி மற்றும் இணையச் சந்தாதாரர் நலச் சங்கம்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்
தொலைத்தொடர்புப் பொது மேலாளர் அவர்கள்

பொருள்: நிலத்தடித் தொலைபேசிக் கேபிள்கள் தொடர்ந்து திருடுபோதல் – உரிய சட்டப்பிரிவுகளில் வழக்குப் பதிதல், பழைய உலோகக் கொள்முதலை ஒழுங்குபடுத்துதல், பயனற்ற கேபிள்களை அகற்றுதல் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சாலையோரக் குழிகளில் இரவோடு இரவாகக் கேபிள் அறுக்கப்படுகிறது. விடிந்து பார்த்தால் நான்கைந்து தெருக்களில் தொலைபேசியும் இல்லை, இணையமும் இல்லை. புகார் கொடுக்கப் போனால், ஏதோ பழைய கம்பி களவுபோனது என்ற அளவில் மனு ரசீதோடு முடிந்துவிடுகிறது. திருடுபோன செம்பின் எடையை வைத்தே குற்றத்தின் அளவு கணக்கிடப்படுகிறது. இந்தக் கணக்கு தவறு என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனு.

எக்ஸ்சேஞ்சிலிருந்து தெருமுனைக் கேபினட்டுக்கு வரும் 400 ஜோடி கேபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு ஜோடிக் கம்பி. கம்பியின் தடிமன் 0.5 மில்லிமீட்டர் என்றால், 100 மீட்டர் கேபிளில் ஏறக்குறைய 140 கிலோ செம்பு இருக்கும். திருடுகிறவருக்கு அது 140 கிலோ. ஊருக்கோ 400 இணைப்புகள். அந்த இடத்தில் புதுத் துண்டை வைத்துச் சேர்க்க, ஒரு முனைக்கு 800 என்று மொத்தம் 1,600 கம்பி முனைகளை நிறம் பார்த்து, ஜோடி மாறாமல், ஈரம் புகாமல் இணைக்க வேண்டும். சேறு நிறைந்த குழிக்குள் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யும் ஜாயின்டர்கள் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர்.

அவர்கள் பாடுபட்டுச் சேர்த்த பிறகும் பிராட்பேண்ட் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பேச்சுக்கு நான்கு கிலோஹெர்ட்ஸ் போதும். ஏடிஎஸ்எல்2+ பிராட்பேண்ட் அதே கம்பியில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. பேச்சைக் கெடுக்காத ஒரு மோசமான ஜாயின்ட் இணையத்தைக் கெடுத்துவிடும். அதில் ஈரம் சேரும்போது வேகம் விழுகிறது, மோடம் அறுந்து அறுந்து இணைகிறது. "போன் பேசுகிறதே" என்று சொல்லிப் புகாரை முடித்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரும் இணையவழித் தேர்வு எழுதும் மாணவரும் படும் அவதி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஃபைபருக்கு மாறியவர்களும் தப்பவில்லை. கண்ணாடி இழையைக் காயலான் கடையில் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. ஆனால் ஒரே பள்ளத்தில் கிடக்கும் கேபிள்களில் எது செம்பு, எது கண்ணாடி என்பது வெட்டிய பிறகே திருடனுக்குத் தெரிகிறது. அந்த ஒரு வெட்டில் வங்கிக் கிளை, இ-சேவை மையம், செல்பேசிக் கோபுரம் எல்லாம் சேர்ந்து முடங்கக்கூடும். மேலும், செப்புத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் உள்ள 48 வோல்ட் பேட்டரியால் இயங்குவது. புயலில் மின்சாரம் நின்றபோதும் மருத்துவரை அழைக்க முடிந்தது அதனால்தான். தனித்து வாழும் முதியோர் பலர் அதை நம்பியே இருக்கிறார்கள்.

இந்தத் திருட்டைத் தடுக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 1984ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், அரசு நிறுவனங்களின் தொலைத்தொடர்புச் சொத்துகளைச் சேதப்படுத்துவோருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை கடுங்காவல் விதிக்க வழிசெய்கிறது. இச்சட்டத்தின் பிரிவைச் சேர்க்காமல் பாரதிய நியாய சன்ஹிதாவின் சாதாரணத் திருட்டுப் பிரிவில் மட்டும் வழக்குப் பதிந்தால், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் என்று காட்டி, முதல்முறை குற்றவாளி அதைத் திருப்பிக் கொடுத்துச் சமூக சேவைத் தண்டனையோடு போய்விட முடியும். ஆகவே ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை பதிந்து, 1984ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவையும் சேர்க்குமாறு காவல் நிலையங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம். துண்டிக்கப்பட்ட இணைப்புகளின் எண்ணிக்கையும் சீரமைப்புச் செலவும் அந்த முதல் தகவல் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

திருடனைவிட முக்கியமானவர் வாங்குகிறவர். 2024 மே மாதத்தில் லண்டன் உலோகச் சந்தையில் செம்பின் விலை டன்னுக்கு 11,000 டாலரைக் கடந்தது. இந்த விலையில் வாங்க ஆள் இருக்கும்வரை இரவு ரோந்து மட்டும் போதாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 டிசம்பர் முதல் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது. தென்னாப்பிரிக்கா 2022 நவம்பர் இறுதியில் பழைய செம்பின் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது. நாங்கள் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. செம்பு வாங்கும் கடைகள் விற்பவரின் அடையாள ஆவண நகலையும் வாகன எண்ணையும் பதிந்து, வங்கி வழியாக மட்டும் பணம் தர வேண்டும் என்பதை உள்ளாட்சி அமைப்புகள் தரும் தொழில் உரிமத்தில் நிபந்தனையாகச் சேர்க்க ஆவன செய்யுங்கள். உறை எரிக்கப்பட்ட கம்பியை எடைக்கு வைப்பவரைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட உறையை அழிப்பதற்காகவும் அது எரிக்கப்படுகிறது. அந்தக் கரும்புகையைச் சுவாசிப்பதும் எங்கள் பிள்ளைகளே. காயலான் கடைக்காரர்களில் பெரும்பாலோர் நேர்மையாக உழைப்பவர்கள். பதிவேடு அவர்களுக்கும் பாதுகாப்பு.

பொது மேலாளர் அவர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். ஃபைபருக்கு மாறிய தெருக்களில் பயனற்ற செப்புக் கேபிள்கள் மண்ணுக்குள்ளேயே விடப்பட்டுள்ளன. திருடர்களை அழைப்பதே அவைதாம். அவற்றைத் தேடும்போதுதான் உயிருள்ள கேபிள்களும் வெட்டுப்படுகின்றன. நிறுவனமே அவற்றை எடுத்து ஏலம் விட்டால், வரும் தொகையை இதே பகுதியின் ஃபைபர் பணிக்குச் செலவிடலாம். சேவை இல்லாத நாள்களுக்குச் சந்தாதாரர் கேட்காமலே கட்டணம் கழிக்கப்பட வேண்டும்.

சாலை அகலப்படுத்தவும் குடிநீர்க் குழாய் பதிக்கவும் தோண்டும் துறைகள் முன்கூட்டியே தொலைத்தொடர்பு அலுவலகத்துக்குத் தெரிவித்து, வெளியே தெரியும் கேபிள்களை அன்றைக்கே மூடச் செய்யவும் ஆட்சியர் அவர்கள் உத்தரவிட வேண்டும்.

இக்கோரிக்கைகள் குறித்து முடிவெடுக்க, வருவாய், காவல், உள்ளாட்சி, நெடுஞ்சாலை, தொலைத்தொடர்பு அலுவலர்களும் சங்கப் பிரதிநிதிகளும் பங்கேற்கும் கூட்டம் ஒன்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகக் கூட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். குழிகளில் தண்ணீர் நின்றுவிட்டால், அறுபட்ட கேபிளைச் சரிசெய்யப் பல வாரங்கள் ஆகும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்