வேலிக்குள் வந்த விலங்கு யாருடையது?

போன ஞாயிற்றுக்கிழமை மாலை தம்பி மகன் வீட்டுக்கு வந்தான். தேநீர் குடித்து முடிப்பதற்குள், "பெரியப்பா, இதைப் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினான். அமெரிக்காவில் ஏதோ ஒரு தனியார் பண்ணை. மலைச்சரிவில் எல்க் என்னும் பெரிய மான் நிற்கிறது. நம் காட்டுக் கடமானுக்கு அண்ணன் என்று சொல்லலாம். கொம்பே ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். மறைவிலிருந்த ஒருவர் வில்லை இழுத்து அம்பை விடுகிறார். மான் துள்ளி ஓடுகிறது. அடுத்த காட்சியில் அவர் செத்த மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். இடையில் என்ன நடந்தது என்று காணொளியில் இல்லை.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். குளுவாங் பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. மறுநடவு செய்த கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்கிறது என்று அவனிடம் நானே புலம்பியிருந்தேன். "என் கூட்டாளி ஒருத்தன் வில் வச்சிருக்கான். உங்க சொந்த நிலம்தானே பெரியப்பா? நீங்க சரின்னு சொன்னா போதும். பன்னித் தொல்லையும் தீரும், எனக்கு ஒரு கொம்புப் பல்லும் கிடைக்கும்."

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சைவன் அல்லன். தோட்டத்தில் வளர்ந்தவன். காட்டுப்பன்றிக் கறி லயத்தில் கொதித்தால் எந்த வீட்டில் என்று மோப்பம் பிடித்துப் போன பிள்ளைதான் நானும். ஆகவே கொல்லாமை பற்றி அவனுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஏதோ ஒன்று நெருடியது. அதைத்தான் இந்த வாரம் உங்களோடு பேசிப் பார்க்கிறேன்.

முதலில் "சொந்த நிலம்" என்ற பேச்சு. நிலத்துக்குப் பட்டா உண்டு. அதில் நடக்கும் விலங்குக்கு இல்லை. நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கை வேட்டையாட உரிமம் வேண்டும். 2022-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது உச்ச அபராதத்தை 10 லட்சம் வெள்ளியாகவும் சிறையை 15 ஆண்டுகள் வரையிலும் உயர்த்தினார்கள். அமெரிக்காவிலும் காட்டு மான் நிலக்காரரின் சொத்து அல்ல. மக்களின் பொதுச் சொத்து, அதைக் காப்பது அரசின் பொறுப்பு என்பதே அங்குள்ள கொள்கை. நிலக்காரரிடம் இருப்பது உள்ளே விடும் உரிமை மட்டுமே. அந்த உரிமையைப் பெரும் பணத்துக்கு விற்கிறார்கள் என்பதுதான் அங்கே சண்டை. உயர வேலி போட்டு மானை அடைத்து, காசு கொடுத்தவரைச் சுடவிடும் பண்ணைகளும் வந்தன. மொன்டானா மாநில மக்கள் 2000-ஆம் ஆண்டில் வாக்கெடுப்பு நடத்தியே அதைத் தடுத்தார்கள். அந்த மாநிலத்தில் வேட்டைக்காரர்கள் நிறைய. அவர்களில் பலரே, "ஓட வழியில்லாததைச் சுடுவது வேட்டையா?" என்று கேட்டார்கள்.

வேட்டைக்காரர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் எல்க் மான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே போனது. இன்று ஏறக்குறைய 10 லட்சம். உரிமக் கட்டணமும், 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டாவுக்கும் பின்னாளில் வில், அம்புக்கும் விதித்த வரியும் அதற்கு உதவின. நம் மலாயாவிலும் ஒரு கதை உண்டு. தியோடர் ஹப்பேக் என்ற வெள்ளைக்காரத் தோட்டத்துரை, யானையும் காட்டெருமையும் சுட்டவர். அந்த வேட்டையைப் பற்றி 1905-இல் புத்தகமே போட்டவர். பின்னாளில் மனம் மாறி, காட்டைக் காக்க ஆண்டுக்கணக்கில் போராடினார். இன்று நாம் தாமான் நெகாரா என்று அழைக்கும் தேசியப் பூங்கா அவருடைய முயற்சியால் 1930-களின் கடைசியில் பிறந்தது.

அதனால் வேட்டைக்காரர் எல்லாரும் கல்நெஞ்சர் என்று சொல்ல நான் தயாராக இல்லை. என் நெருடல் காணொளியில் வெட்டிவிட்ட அந்த இடைக்காட்சியில் இருக்கிறது.

அம்பு துப்பாக்கிக் குண்டு போல அல்ல. நெஞ்சில் சரியாகப் பாய்ந்தால் இரத்தம் வடிந்து விலங்கு விரைவில் விழும். கொஞ்சம் தவறினால் மணிக்கணக்கில் ஓடும். உடனே துரத்தினால் இன்னும் தூரம் ஓடும் என்பதால், தேர்ந்த வில்லாளர்கள் காத்திருந்துதான் இரத்தத் தடம் பார்த்துப் போவார்கள். 2015-இல் சிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கம் செத்தது நினைவிருக்கிறதா? ஹுவாங்கே தேசியப் பூங்காவில் வாழ்ந்தது. கழுத்தில் ஆய்வாளர்கள் மாட்டிய பட்டை. பூங்காவுக்கு வெளியே ஒரு நிலத்தில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் அம்பெய்தார். அது உடனே சாகவில்லை. பல மணி நேரம் கழித்துத்தான் கொன்றார்கள். ஆவணங்கள் சரியாக இருந்ததால் அவர்மீது வழக்குப் போடப் போவதில்லை என்று அந்நாட்டு அரசே சொல்லிவிட்டது. உலகம் மட்டும் மன்னிக்கவில்லை.

பாரதத்தில் பாண்டு மன்னன் கதையும் இதையொட்டியதுதான். மான் உருவில் துணையோடு கூடியிருந்த முனிவரை அம்பெய்து வீழ்த்துகிறான். சாகும்போது முனிவர், 'நீ மானைக் கொன்றதற்காகப் பழிக்கவில்லை. நான் இருந்த நிலையில், கொஞ்சம் காத்திருக்காமல் கொன்றாயே' என்கிறார். வேட்டை அரசனுக்கு உரிமைதான். அந்த உரிமைக்கும் ஒரு முறை உண்டு என்பது பழைய எண்ணம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது புத்தகம் அல்ல. எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் தோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை பட்டணத்து ஆட்கள் நாயும் துப்பாக்கியுமாக வந்தார்கள். நிர்வாகத்தின் அனுமதியோடுதான். இரண்டு பன்றி விழுந்தது. மூன்றாவது அடிபட்டுச் சதுப்புக்குள் ஓடிவிட்டது. இருட்டியதால் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அன்றிரவு லயத்துக்குப் பின்னால் அது முனகிக்கொண்டே இருந்தது. அம்மா எழுந்து சன்னலைச் சாத்தினார். சாத்தியும் கேட்டது. விடியற்காலையில், பிரட்டுக்குப் போகுமுன், அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் பாராங் கத்தியோடு சதுப்பில் இறங்கினார்கள். திரும்பி வந்த அப்பா தொட்டியில் கைகழுவியபடி, "செய்யிறவன் முடிச்சிட்டுப் போகணும்" என்றார். அந்தக் கறியை அவர் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜொகூரின் எண்டாவ் ரொம்பின் காட்டில் புலி வாழ வேண்டுமென்றால் அதற்கு இரை வேண்டும். கடமானும் கேளையாடும் குறைந்துபோனதால் தீபகற்பத்தில் 2009-இல் அவற்றின் வேட்டை உரிமத்தை நிறுத்தினார்கள். 2015-இல் தடையை மேலும் ஆறாண்டுகள் நீட்டித்தார்கள். மலாயாப் புலி இப்போது 150-க்கும் குறைவு. மானும் இல்லாத காட்டில் புலிக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பன்றிதான். பூர்வகுடிகள் தங்கள் உணவுக்காக 10 வகை விலங்குகளை வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது, விற்க அல்ல. வயிற்றுக்குக் கொல்வதையும் சுவரில் மாட்டக் கொல்வதையும் சட்டமே ஒன்றாகப் பார்க்கவில்லை.

இவ்வளவையும் தம்பி மகனிடம் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டேன். "அம்பு பட்ட பன்னி பாரிட்டைத் தாண்டிப் பக்கத்துச் சீனர் நிலத்துக்குள்ள ஓடிடுச்சு. இருட்டிப் போச்சு. திங்கட்கிழமை உனக்கு வேலை. என்னப்பா செய்வே?"

அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அதை யோசிக்கல பெரியப்பா" என்றான். பொய் சொல்லாத பிள்ளை.

என் நிலத்தில் வில்லுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டேன். நேற்று இருவருமாகப் போய்க் கன்றுகளைச் சுற்றிக் கம்பிவலை கட்டினோம். நாற்பது கன்றுக்குள் முதுகு விட்டுப்போனது. மிச்சத்தை அடுத்த வாரம் கட்ட வேண்டும். வலையையும் பன்றி பிய்த்துவிட்டால், உரிமம் வைத்திருப்பவரை அழைப்பேன். அன்று நானும் கூடப் போவேன். அடிபட்டு ஓடினால், முடியும்வரை அங்கேயே இருப்பேன்.