கடைத் தெருவும் கொள்ளை நோயும்

2020-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 25-ந் தேதி சனிக்கிழமையன்று சென்னைக் கடைத் தெருக்களில் கூடிய கூட்டத்தைக் கண்டவர்கள் அதை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். மறுநாள் காலை 6 மணி முதல் நான்கு நாட்களுக்குச் சென்னை, கோயமுத்தூர், மதுரை ஆகிய நகரங்களில் முழு ஊரடங்கு என்று முந்தின நாள் சர்க்கார் அறிவித்திருந்தார்கள். மளிகைக் கடைகளும் திறக்கப்படமாட்டா. விலகி நில்லுங்கள், கூட்டம் கூடாதீர்கள் என்று ஒரு மாத காலமாகப் பறையறையப்பட்ட ஒரு நகரத்தில், அந்த ஒரு நாளில் ஜனங்கள் தோளோடு தோள் உரசி நின்று அரிசியும் பருப்பும் வாங்கினார்கள். பகல் 1 மணிக்கு மூட வேண்டிய கடைகளை 3 மணி வரையில் திறந்து வைக்கலாமென்று அவசர அவசரமாக ஓர் உத்தரவு பிறந்தது. நான்கு நாள் வியாபாரத்தை அரை நாளில் திணித்து விட்டு, அதன் பிறகு இரண்டு மணி நேரம் சலுகை தருவது என்ன பயனைத் தரும்?

இக்காட்சியைப் பற்றி அப்பொழுது பேசியவர்களில் அனேகர் ஜனங்களையே பழித்தார்கள். அறிவில்லாத கூட்டம் என்றார்கள், பேராசை என்றார்கள். நாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. நாளை முதல் கடை இல்லையென்று அறிந்த பிறகு, வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய் வேறு என்ன செய்வாள்? அவள் செய்தது குடும்ப விவேகம். ஆயிரம் வீடுகளின் விவேகம் ஒரே வேளையில் ஒரே கடை வாசலில் வந்து சேர்ந்தால் அதற்குப் பீதி என்று பெயர் வந்துவிடுகிறது.

கணக்கும் சிக்கலானதல்ல. ஒரு தெருவில் நூறு வீடுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். சம்பளக்காரர் மாத முதலில் வாங்குவார். மற்றவர் வாரத்திற்கொரு தடவை வாங்குவார். கூலிக்காரர் அன்றாடம் மாலையில் வாங்குவார். கடைக்காரர் இந்த வழக்கத்தை அறிந்து, சில நாட்களுக்குப் போதுமான சரக்கை மட்டுமே வைத்திருக்கிறார். நூறு வீட்டாரும் ஒரே நாளில் வந்து, ஆளுக்கு இரண்டு கிலோ பருப்பு கூடுதலாகக் கேட்டால், மாலைக்குள் மூட்டை காலியாகிறது. அத்தெருவில் பதுக்கல்காரர் ஒருவர்கூட இல்லை. ஆனால் பருப்பும் இல்லை. காலி மூட்டையைக் கண்ட அடுத்த தெருக்காரர் தம் பங்குக்கு நான்கு கிலோ வாங்க ஓடுகிறார். அத்துடன், ஹோட்டல்களும் ஆபீஸ் சிற்றுண்டிச் சாலைகளும் மூடப்பட்ட காலத்தில் மூன்று வேளையும் வீட்டிலேயே உலை வைக்க வேண்டியிருந்ததால், வீட்டுச் செலவு உண்மையாகவே கூடிற்று என்பதையும் பழிப்பவர்கள் கவனிக்கவில்லை. (அதே வருஷம் மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலியாவில் கழிப்பறைக் காகிதத்திற்காக ஜனங்கள் முண்டியடித்ததைக் கண்டு நம்மவர் வாய்விட்டு நகைத்தார்கள். சில வாரத்திற்குள் நாமும் துவரம் பருப்புக்காக நின்றோம்!)

தேசத்தில் தானியம் இல்லையா? ஏராளமாக இருந்தது. 2020 மார்ச் மாதத்தில் இந்திய உணவுக் கழகத்தின் கையிருப்பில் அரிசியும் கோதுமையுமாக 5 கோடி டன்னுக்கு மேல் இருந்தது. ஆனால் கிடங்கில் கிடக்கும் நெல் அடுப்பில் கொதிக்காது. மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். நள்ளிரவு முதல் 21 நாட்கள் தேசம் முழுவதும் அடைப்பு. நான்கு மணி நேர அவகாசம். லாரிகள் மாகாண எல்லைகளில் நின்றுவிட்டன. மூட்டை இறக்க ஆளில்லை. பருப்பு மில்களுக்குத் தொழிலாளர் வர வழியில்லை. எந்தச் சரக்கானாலும் தடையின்றிப் போகலாம் என்று மத்திய உள்துறை தெளிவாகச் சொன்னது மார்ச் 29-ந் தேதிதான். அந்த ஐந்து நாட்களில் ஜனங்கள் கண்டது வெறும் பீதி என்று எவர் சொல்லத் துணிவார்?

இதில் உண்மையாக நசுங்கியவர் யார் என்பதே முக்கியம். கையில் ரொக்கமும் வீட்டில் குளிர்பெட்டியும் உள்ளவர் ஒரு மாதச் சாமானை ஒரே நாளில் வாங்கி அடுக்கினார். அன்றைய கூலியில் அன்றைய அரிசி வாங்குபவருக்குக் கூலியும் நின்றது; அவர் கடைக்குப் போகும்போது சாமானும் தீர்ந்திருந்தது, அல்லது விலை ஏறியிருந்தது. வங்காளத்தில் 1943-ல் நேர்ந்ததை நமது நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சர்க்காரே நியமித்த விசாரணைக் கமிஷன் சுமார் 15 லட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிட்டது. அதற்கு இரட்டிப்பு என்று சொல்வோரும் உண்டு. அப்பொழுதும் அரிசி அடியோடு அற்றுப்போய்விடவில்லை. வாங்கச் சக்தியுள்ளவர் பக்கம் அது நகர்ந்துவிட்டது. 2020-ல் அத்தகைய கொடுமை நேரவில்லை. அதற்கு ரேஷன் கடை பெருங்காரணம் என்று நாம் நம்புகிறோம்.

ஏப்ரல் 25-ந் தேதியின் பலன் என்ன? அடைப்புக் காலத்திலும் கோயம்பேடு மார்க்கெட் இயங்கிற்று. நகரம் முழுவதற்கும் காய்கறி வந்து சேரும் ஒரே பெரிய வாசல் அதுதான். அடுத்த சில நாட்களில் அங்கே வியாபாரிகளுக்கும் சுமை தூக்குவோருக்கும் நோய் கண்டது. மே மாதம் 5-ந் தேதி மார்க்கெட் மூடப்பட்டது. அதற்குள் தொழிலாளர்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய ஜில்லாக்களிலுள்ள தங்கள் ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். நோயும் அவர்களோடு போயிற்று. ஆயிரக்கணக்கானோருக்கு இந்தத் தொடர்பில் வியாதி கண்டதாகச் சர்க்காரே ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு நாள் கூட்டமே இதற்கெல்லாம் காரணமென்று நாம் சாதிக்க முன்வரவில்லை. ஆனால் நோயைத் தடுக்க விதித்த அடைப்பே ஜனங்களை நோயின் வாயில் கொண்டுபோய் நிறுத்திற்று என்பதை எவரும் மறுக்க முடியாது.

இவ்வளவும் நடந்த பிறகு பாடம் கற்றோமா? 2021 மே மாதத்தில் 24-ந் தேதி முதல் கடுமையான அடைப்பு என்று அறிவித்து, அதற்கு முன் சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் இரவு 9 மணி வரையில் கடைகளைத் திறந்து வைத்தார்கள். நேரம் நீண்டது, அது சரியே. ஆயினும் கூட்டம் கூடத்தான் செய்தது. அதே மாதத்தில் ரெம்டெசிவிர் என்னும் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளின் சுற்றத்தார் இரவு பகலாகக் காத்துக் கிடந்தார்கள். 2020 நவம்பரிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் அம்மருந்தை உபயோகிக்க வேண்டாமென்று ஆலோசனை கூறியிருந்தது. டாக்டர் சீட்டில் எழுதிவிட்டார். தகப்பனார் மூச்சுத் திணறுகிறார். மகன் போய் நிற்காமல் என்ன செய்வான்? விற்பனையை விளையாட்டு மைதானத்திற்கு மாற்றிப் பார்த்தார்கள். கூட்டமும் உடன் வந்தது. முடிவில் மருந்தை நேராக ஆஸ்பத்திரிகளுக்கே அனுப்ப ஏற்பாடாயிற்று. அந்த வரிசை மறைந்தது.

விலைக் கட்டுப்பாடு மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2020 மார்ச் மாதத்தில் முகக் கவசத்தையும் கைகழுவும் மருந்தையும் அத்தியாவசியப் பண்டமென்று பிரகடனம் செய்து, 200 மில்லி புட்டி 100 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாதென்று உத்தரவிட்டார்கள். உத்தரவு இருந்தது, பல கடைகளில் புட்டி இல்லை. தைவான் அதே வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி முதல் வேறு வழியைக் கைக்கொண்டது. ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் அட்டையைக் காட்டினால் ஒருவருக்கு வாரத்திற்கு இரண்டு கவசம். அட்டை எண் ஒற்றைப்படையானவருக்குச் சில நாட்கள், இரட்டைப்படையானவருக்குச் சில நாட்கள். தமக்குரிய பங்கு தமக்குக் காத்திருக்கிறது என்று தெரிந்தவர் அடுத்தவரை இடித்துத் தள்ளுவானேன்?

நம்மிடம் இந்த ஏற்பாடு இல்லாமலில்லை. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்காரர்களுக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கியபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கன் முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. மளிகைக் கடைகளை மூட எண்ணும் அதிகாரிகள் அந்த டோக்கனை முதலில் அச்சிடட்டும். எந்தத் தெருவுக்கு எந்த வண்டி, என்ன சாமானுடன், எத்தனை மணிக்கு வரும் என்ற விவரம் அடைப்பு உத்தரவின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கடை நேரத்தைக் குறுக்குவதற்குப் பதிலாக நீட்ட வேண்டும். இவை தயாராகும் வரையில் உத்தரவில் கையெழுத்திடுவதை ஒரு நாள் ஒத்திப் போடலாம்.