டீக்கடைப் புகையும் தொழிலாளியின் மூச்சும்

அச்சங்குளம் வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்குப் போகும் தொழிலாளி பீடியையும் தீப்பெட்டியையும் வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். இதற்கு யாரும் முணுமுணுப்பதில்லை. 2021 பிப்ரவரி 12-ந் தேதி இந்த ஊர் ஆலையில் நடந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உழைப்பாளிகள் மாண்டார்கள். ஒரு பொறி என்ன செய்யும் என்று நம் மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வேலை முடிந்து டீக்கடைக்கு வந்தால் நிலைமை வேறு. தூணில் நெருப்புக் கயிறு தொங்குகிறது. பெஞ்சைச் சுற்றிப் புகை மண்டுகிறது. இந்தப் புகையும் ஆளைக் கொல்வதுதான். சத்தமில்லாமல், பல வருஷம் எடுத்துக்கொண்டு கொல்கிறது.

பீடி குடிப்பவர் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுகிறார். டீ மாஸ்டரும் கிளாஸ் கழுவுபவரும் எங்கே போவார்கள்? விடியற்காலை முதல் இரவு வரை அவர்களுக்கு அதே காற்றுதான். பிறர் விடும் புகையால் மட்டும் உலகில் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அயர்லாந்தில் 2004 மார்ச் 29 முதல் ஹோட்டல்களிலும் மதுக்கடைகளிலும் புகை தடை செய்யப்பட்டது. அங்கே வேலை செய்பவர்களின் உடல்நலமே அந்தச் சட்டத்துக்கு அடிப்படை.

“வியாபாரம் படுத்துவிடுமே!” என்பார் கடைக்காரர். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஹோட்டல் வியாபாரம் இதனால் குறையவில்லை என்று 2009-ல் முடிவு கூறியது. புகை இல்லாத கடைக்குப் பெண்களும் பிள்ளைகளும் தயங்காமல் வருவார்கள். கூரைக்கும் பெஞ்சுக்கும் நெருப்புப் பயம் இராது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2008 அக்டோபர் 2 முதல் ஹோட்டல்களில் புகைப்பதற்குத் தடை அமுலில் இருக்கிறது. முப்பது பேரும் அதற்கு மேலும் உட்காரும் ஹோட்டல் வேண்டுமானால் தனி இடம் ஒதுக்கலாம்; சிறிய கடைக்கு அதுவும் இல்லை. புகைக்க உதவும் தீப்பெட்டி, சாம்பல் தட்டு முதலியவற்றைக் கடைக்காரர் வைக்கக் கூடாது. ஆகவே அந்தக் கயிறும் சட்டத்துக்கு விரோதமே. அபராதம் 200 ரூபாய் வரை. அதிகாரி வந்து கூலிக்காரனின் மடியில் கை வைக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. நாமே பேசி முடிக்க வேண்டிய காரியம் இது.

“பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு?” என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்கு நல்ல கூலியும் மாற்று வேலையும் கோரிப் போராடுவது நம் கடமை. அதற்காக டீ மாஸ்டரின் நெஞ்சைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

நம் தோழர்களிலும் பலர் சங்கக் கூட்டம் முடிந்ததும் டீக்கடையில் பீடி பற்ற வைக்கிறோம். இந்தப் பழக்கத்தை நாமே முதலில் மாற்ற வேண்டும். கிளைத் தோழர்கள் கடைக்காரரிடம் பேசுங்கள். கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகை மாட்டச் சொல்லுங்கள். புகைப்பவர் கடையை விட்டு விலகி, வெட்டவெளிக்குப் போகட்டும். மருந்துத் தூள் படிந்த உடையோடு யாரும் தீக்குச்சியைத் தொட வேண்டாம்.

முதலாளியிடம் நம் உயிருக்குப் பாதுகாப்புக் கேட்கிறோம். நமக்கு டீ ஆற்றித் தரும் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.