கருவியின் பெயரும் கண்டவரின் பெயரும்

சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த மூன்றாவது விண்பொருள் 2025 ஜூலை 1ஆம் திகதி கண்டறியப்பட்டது. சிலியிலுள்ள அட்லஸ் தொலைகாட்டி அதனைக் கண்டதால் பெயர் '3ஐ/அட்லஸ்'. அதற்கு முன் வந்த வால்வெள்ளியின் பெயர் '2ஐ/போரிசோவ்'. கிரிமியாவைச் சேர்ந்த வானியல் ஆர்வலர் கெனடி போரிசோவ், தானே செய்த 0.65 மீற்றர் தொலைகாட்டியில் 2019 ஓகஸ்ட் 30ஆம் திகதி அதனைக் கண்டார்.

தானியங்கித் தொலைகாட்டிகள் இரவுதோறும் வானத்தைப் படம்பிடிக்கும் காலத்தில் தனிமனிதர் முந்திக்கொள்வது அரிதாகிவிட்டது. அதில் அநீதி இல்லை. கருவி ஒருவருடையதாகவும் கண் இன்னொருவருடையதாகவும் இருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

நாசாவும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் சூரியனை ஆராய 1995இல் சோஹோ விண்கலத்தை அனுப்பின. அதன் படங்கள் இணையத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. அவற்றில் சிறு புள்ளிகளைத் தேடி, பல நாட்டு ஆர்வலர்கள் ஊதியமின்றி ஆயிரக்கணக்கான வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 5,000ஆவது 2024 மார்ச்சில் கிடைத்தது. கண்டவர் ஹன்ஜீ டான். 13 வயதில் இந்தத் தேடலைத் தொடங்கி, அப்போது கலாநிதிப் பட்ட மாணவராக இருந்தவர். வால்வெள்ளியின் பெயரோ வழமைபோல 'சோஹோ'.

இதை நான் குறை சொல்லமாட்டேன். படம் இல்லாமல் கண்டுபிடிப்பும் இல்லை. நாசாவின் அறிவிப்பும் டானின் பெயரைச் சொன்னது. பெயர் தொலைவது அதற்குப் பிறகு, செய்தி மேசைகளில். 'நாசா கண்டுபிடித்தது' என்ற தலைப்போடு விடயம் முடிந்துவிடுகிறது. சம்பளம் வாங்காதவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே கூலி அந்தப் பெயர்தான்.

இந்தத் தீவிலும் இதற்கொரு பழைய உதாரணம் உண்டு. கொழும்பில் பிறந்த பிரித்தானிய இராணுவ அதிகாரி பேர்சி மோல்ஸ்வேர்த், திருகோணமலையில் பணியாற்றியபடி ஓய்வுநேரத்தில் வியாழனை அவதானித்தார். அதன் மேகங்களில் 1901இல் அவர் கண்ட பெரும் குழப்பம் பல தசாப்தங்கள் நீடித்தது. அவதானங்கள் அவரது பெயரோடு பதிவாகின. இன்று செவ்வாயில் ஒரு பள்ளம் அவர் பெயரைத் தாங்குகிறது. அதிகாரிக்குக் கிடைத்த அந்த மரியாதை, பெயர் தெரியாத ஆர்வலருக்கும் கிடைக்கவேண்டும்.

கருவி யாருடையது, முதலில் கண்டது யார், உறுதிசெய்தது யார்? இந்த மூன்றுக்கும் செய்தியில் இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை மிச்சப்படுத்தி நாம் இலாபமடைவது ஒன்றுமில்லை.