டெல்நெட்டை மூட வேண்டும்

மருத்துவமனை, நகராட்சி, கல்லூரி என்று கணினிகள் இணைந்திருக்கும் எந்த இடத்திலும் மாடிப்படிக்கு அடியிலோ கூரையோரத்திலோ ஒரு பெட்டிக்குள் நெட்வொர்க் சுவிட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பராமரிப்பவர் அந்தப் பெட்டியைத் திறப்பது அபூர்வம். தன் இருக்கையிலிருந்தே உள்ளே நுழைந்து வேண்டியதை மாற்றிவிடுகிறார். இந்தத் தொலைவழி நுழைவு இல்லாமல் இன்று ஒரு பெரிய நெட்வொர்க்கை நடத்துவது கடினம். ஆனால் பல இடங்களில் அந்த நுழைவு இன்னமும் டெல்நெட் என்ற பழைய முறை வழியாகவே நடக்கிறது. அதுதான் ஆபத்து.

டெல்நெட்டின் இன்றைய வரையறை 1983-ல் வெளியானது. அதில் மறையாக்கம் கிடையாது. நிர்வாகி தட்டும் ஒவ்வோர் எழுத்தும் தட்டியபடியே கம்பியில் போகிறது. கடவுச்சொல்லை அடிக்கும்போது அவர் திரையில் எதுவும் தெரிவதில்லை. வழியில் ஒட்டுக்கேட்பவர் ஓர் இலவச மென்பொருளைத் திறந்தால் போதும், அவர் திரையில் அது முழுதாகத் தெரியும். 1995-ல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இப்படிக் கடவுச்சொற்கள் களவு போயின. அதற்கு விடையாகவே டாட்டு யூலோனென் அதே ஆண்டு, மறையாக்கத்துடன் நுழையும் எஸ்எஸ்எச் முறையை உருவாக்கினார். மாற்று வழி வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

ஒரு கணினி பறிபோவதும் சுவிட்ச் பறிபோவதும் ஒன்றல்ல. சுவிட்சைப் பிடித்தவர் அதன் வழியே போகும் தரவு முழுவதையும் இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து அனுப்பலாம். சிசிடிவி கேமராக்களின் நெட்வொர்க்கையும் நோயாளிகளின் பதிவேடுகள் உள்ள நெட்வொர்க்கையும் பிரிக்கும் தடுப்பை நீக்கலாம். எல்லாப் போர்ட்டுகளையும் ஒரே நேரத்தில் அணைக்கலாம். இதைச் செய்தவர் யார் என்று தேடினால், பதிவில் நிர்வாகியின் பெயரே இருக்கும்.

எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களை டெல்நெட்டில் வரிசையாக முயன்றே கேமராக்களையும் வீட்டு ரவுட்டர்களையும் பெருமளவில் பிடித்தது. 2017 மார்ச்சில், கடவுச்சொல்லே இல்லாமல் டெல்நெட் வழியே சுவிட்சைக் கைப்பற்ற இடம் தரும் குறை 300-க்கும் மேற்பட்ட மாடல்களில் இருப்பது வெளிவந்தது. 2018 ஏப்ரலில் ஈரானிலும் ரஷ்யாவிலும் தாக்கப்பட்ட சுவிட்சுகளின் அமைப்புகள் அழிந்து, அவை முடங்கின. அங்கே பயன்பட்டது டெல்நெட் அல்ல. நிறுவலை எளிதாக்க வைத்த வேறொரு நிர்வாக வசதி. வெளியுலகுக்குத் திறந்து கிடந்தது என்பதில் இரண்டும் ஒன்றே.

இத்தனைக்குப் பிறகும் டெல்நெட் நீடிப்பதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைபாடு என்று சொல்ல இடமில்லை. நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றில் எஸ்எஸ்எச் உள்ளது. சுவிட்சுக்குப் பெயர் கொடுத்து, மறையாக்கச் சாவி உருவாக்கி, நுழைவை எஸ்எஸ்எச் மட்டும் என்று மாற்றச் சில கட்டளைகள் போதும். குறை நடைமுறையில்தான். டெண்டர் போர்ட் எண்ணிக்கையையும் விலையையும் பார்க்கிறது; நிர்வாக வழியைப் பார்ப்பதில்லை. நிறுவ வந்த ஒப்பந்ததாரர் தன் வசதிக்காக டெல்நெட்டையும் பழைய கடவுச்சொல்லையும் விட்டுச் செல்கிறார். நெட் வருகிறதா என்று மட்டும் பார்த்து ஏற்புச் சான்றில் கையொப்பம் விழுகிறது.

ஆகவே பொறுப்பு, கொள்முதல் செய்து ஏற்கும் அதிகாரத்திடமும் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடமும் இருக்கிறது. டெல்நெட்டை மூடாத சுவிட்சை ஏற்கக் கூடாது. நிர்வாகத்துக்குத் தனி விலேன் (சுவிட்சுக்குள்ளேயே பிரித்த நெட்வொர்க்), குறிப்பிட்ட முகவரிகளிலிருந்து மட்டும் அனுமதி, வெளியிலிருந்து வருபவருக்கு விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு, ஆளுக்கொரு கணக்கு ஆகியவை கட்டாயமாக வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளில் ஒப்பந்ததாரரின் கணக்கும் முடிய வேண்டும். எஸ்எஸ்எச் வராத பழைய சுவிட்சை மாற்றியே ஆக வேண்டும்.

இந்தியாவில் இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2022-ல் வந்தது. அது நடந்த பிறகு சொல்வதற்கான விதி. அமெரிக்காவில் மத்திய அரசுத் துறைகளுக்கு 2023 ஜூனில் பிறந்த ஆணை, இணையத்தில் திறந்து கிடக்கும் நிர்வாக வழியைக் கண்டறிந்த 14 நாளுக்குள் மூடவோ காப்புக்குள் கொண்டுவரவோ சொல்கிறது. அத்தகைய காலக்கெடு இங்கும் பொது நிறுவனங்கள் அனைத்துக்கும் வேண்டும். கெடு கடந்தும் டெல்நெட் திறந்திருந்தால், அந்தச் சுவிட்சை ஏற்றுக் கையொப்பமிட்ட அதிகாரியே பதில் சொல்ல வேண்டும்.