பம்பிக்கும் வடிகட்டிக்கும் பொறுப்பாளி யார்?

எல்ல, பண்டாரவளைப் பகுதிகளில் உல்லாசப் பயணிகளுக்கான ஹோட்டல்கள் பெருகியுள்ளன. அவற்றுள் பல நீச்சல் தடாகங்களைக் கொண்டவை. தடாகத்து நீரைப் பம்பி உறிஞ்சி, மணல் வடிகட்டியினூடாகச் செலுத்தி, குளோரின் சேர்த்து மீண்டும் தடாகத்துக்கே அனுப்புகின்றது. அதனைக் கவனிக்க ஆளும் உண்டு. அதே மலைத்தொடரின் தோட்டங்கள் பலவற்றிலோ ஊற்று நீர் குழாய் வழியே தாங்கிக்கும், தாங்கியிலிருந்து லயன் வாசலிலுள்ள பீலிக்கும் நேராக வந்து சேருகின்றது. குளிக்கும் நீருக்கு வடிகட்டி உண்டு; குடிக்கும் நீருக்கு இல்லை.

ஊவாவில் நீர் வழங்கல் திட்டங்களே இருந்ததில்லை என நாம் கூறவில்லை. உலக வங்கியின் உதவியுடன் 1993 முதல் 1998 வரை நடைபெற்ற சமுதாய நீர் வழங்கல் திட்டத்தில் பதுளை மாவட்டம் இடம்பெற்றது. அதன்பின் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவித் திட்டத்தில் மொனராகலை சேர்க்கப்பட்டது. கட்டிக் கொடுப்பது அரசு. கட்டணம் அறவிட்டுப் பராமரிப்பது கிராமத்துச் சங்கம் என்பதே இவற்றின் ஏற்பாடு. இச்சங்கங்களுக்குத் துணையாகத் தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களமும் 2014 இல் உருவாக்கப்பட்டது. ஏற்பாடு தவறானதன்று. ஆனால், திறப்பு விழாவுக்கு வரும் அரசியல்வாதி, வடிகட்டியின் மணலை மாற்றும் நாளில் வருவதில்லை.

பதுளையின் மலைச்சரிவுகளில் நீர் தானாகவே இறங்கிவிடும். மொனராகலையின் சமவெளியில் கிணற்றிலிருந்து பம்பியால் ஏற்றியாக வேண்டும். மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் அது இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. மின்பட்டியலைச் செலுத்தவே திணறும் சங்கம் முதலில் கைவிடுவது பராமரிப்பைத்தான்.

பராமரிப்பு என்பது பெரும் பொறியியலன்று. பம்பி ஓடியும் நீர் ஏறாவிடில், கிணற்றினுள் இருக்கும் அடிவால்வு கசிந்து குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். மோட்டார் முனகிக்கொண்டு சுழலாதிருந்தால் கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும். கோடையில் கிணறு வற்றிய பின்னரும் பம்பியை ஓடவிட்டால் அதன் சீல் கருகும். மின்னழுத்தம் குறைந்த வேளையில் ஓட்டினால் மோட்டாரின் சுருள் எரியும். சில நூறு ரூபா செலவில் தவிர்த்திருக்கக்கூடிய பழுது, புதிய மோட்டார் வாங்குவதில் முடிகின்றது.

மூடிய மணல் வடிகட்டியின் நோயை அமுக்கமானியே சொல்லிவிடும். மணல் துப்புரவாக இருந்த நாளின் அமுக்கத்தை எழுதி வைத்து, அதிலிருந்து எட்டுப் பத்து இறாத்தல் கூடியதும் நீரைத் தலைகீழாகச் செலுத்தி மணலைக் கழுவ வேண்டும். கழுவிய நீர் தெளியும்வரை நிறுத்தலாகாது. இதைச் செய்யாமல் குளோரினை மட்டும் அள்ளிப் போடுவோர் உளர். கலங்கிய நீரில் கிருமிகள் சேற்றுத் துணிக்கைகளுக்குள் மறைந்துகொள்வதால் குளோரின் அவற்றை எட்டுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்றுகள் சிவந்து வரும்போது இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது.

குருத்தலாவை, பக்கினிகஹவெல போன்ற ஊர்களின் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் இது பொருந்தும். இரண்டு குல்லத்தை விஞ்சிய நீரின் மார்க்கச் சட்டம் வேறு. வைத்தியர் கூறும் கிருமி நீக்கம் வேறு. வுழூச் செய்யும் ஹவுளின் நீரால் வாய் கொப்பளிக்கப்படுகின்றது என்பதால், அதற்கும் கோடையில் வடிகட்டலும் குளோரினும் அவசியமாகும். கோயில் தீர்த்தக் கேணிகளையும் விலக்காகக் கருத முடியாது.

சிறுநீரக நோய் அச்சத்தால் மொனராகலையில் நிறுவப்பட்ட சவ்வூடு வடிகட்டல் நிலையங்களின் நிலையும் கவலைக்குரியது. அவற்றின் சவ்வுகள் சில ஆண்டுகளில் மாற்றப்பட வேண்டியவை. நன்கொடையாளர் இயந்திரத்தைத் தருவார். மூன்றாம் ஆண்டின் சவ்வை யார் தருவார்?

தோட்டங்களின் விடயம் இன்னும் சிக்கலானது. தோட்டம் தனியார் நிலம் எனக் கூறி, பிரதேச சபைகள் நெடுங்காலம் ஒதுங்கியிருந்தன. பிரதேச சபைகள் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டதன் பின்னர் அந்தச் சாட்டுக்கு இடமில்லை. தோட்ட நிருவாகம் சபையைக் காட்டுவதும், சபை நிருவாகத்தைக் காட்டுவதும் மட்டும் ஓயவில்லை. இடையில், கலங்கிய நீரைக் காய்ச்சுவதற்கு விறகு தேடிச் செல்பவள் கொழுந்து பறித்துக் களைத்து வந்த பெண்ணே.

2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் ஊவாவின் சபைகளில் இருக்கின்றனர். அவர்கள் நிறைவேற்றும் வரவு செலவுத் திட்டங்களில் புதிய தாங்கிகளுக்கு ஒதுக்கும் நிதியோடு, ஏற்கனவே உள்ளவற்றைச் சுற்றிப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒரு மெக்கானிக்குக்கும், அடிவால்வு, சீல், வடிகட்டி மணல், குளோரின் ஆகியவற்றுக்கும் தனித் தலைப்பில் பணம் ஒதுக்குமாறு நாம் கோருகின்றோம். எந்தத் தோட்டத்தில், எந்தக் கிராமத்தில், எந்தப் பம்பி எப்போது நின்றது என்ற பதிவேட்டைத் தயாரிப்பதற்கு நிதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.