புல்லட்டுக்கு வி.ஆர்.எஸ்.ஸா?

எங்க காலேஜ் டூவீலர் ஸ்டாண்டுல ரெண்டு கட்சி இருக்கு மக்களே. "ஒரிஜினல் புல்லட் 2010லயே செத்துப்போச்சு, இப்ப விக்கிறதெல்லாம் டூப்பு"ங்கிறது முதல் கட்சி. "ஹிமாலயன் 450, கெரில்லா 450 எல்லாம் வந்த பிறகும் இந்தக் கிழவனை எதுக்குக் கட்டி அழணும்? ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கப்பா"ங்கிறது ரெண்டாவது கட்சி. நான் ரெண்டு பேரோடயும் சண்டை போடப்போறேன். பி.காம். படிக்கிறவன் இல்லையா, கணக்கோடதான் வர்றேன்.

முதல் கட்சிக்கு முதல் அடி. திருவொற்றியூர்ல 1955ல ஆரம்பிச்ச கம்பெனி, வார்ப்பிரும்பு எஞ்சினை 2010 வரைக்கும் ஓட்டுச்சு. வலது காலுக்கு கியர், மாத்தும்போது நடுவுல எங்கயாவது மாட்டிக்கிற பொய் நியூட்ரல், நிறுத்தின இடத்துல எல்லாம் ஆயில் கோலம். புகை விதிகள் இறுகினதும் அது போச்சு. அடுத்து வந்தது யூ.சி.இ. எஞ்சின். 2020 ஏப்ரல்ல பாரத் ஸ்டேஜ் 6 வந்தப்ப கார்புரேட்டர் போச்சு, 500 சிசி புல்லட்டும் போச்சு. 2023 செப்டம்பர்ல யூ.சி.இ.யும் போய் ஜே சீரிஸ் எஞ்சின் வந்துச்சு. ஆக, புல்லட் ஏற்கெனவே ரெண்டு தடவை ரிட்டையர் ஆகி, அதே பேர்ல மறுபடி வேலைக்குச் சேர்ந்த ஆள்.

இதுல என்ன மோசடி? நம்ம புதுச்சேரி போலீஸ் இன்னும் பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன சிவப்புத் தொப்பிதான் போடறாங்க. 1954ல நிர்வாகம் கை மாறிடுச்சு, தொப்பிக்குக் கீழ நடக்கிறது இந்தியச் சட்டம். அதுக்காக அவங்களை டூப்பு போலீஸ்னு சொல்வீங்களா? தைரியம் இருந்தா நேரு வீதி சிக்னல்ல நின்னு சொல்லிப் பாருங்க :-)

இப்ப ரெண்டாவது கட்சி. பழசை ஒழிச்சாதான் புதுசு வளரும்னு சொல்றீங்க. புல்லட் பிறந்தது இங்கிலாந்துல, 1930கள்ல. அவங்க 1960களோட தொடக்கத்துலயே அதை நிறுத்திட்டு புது மாடல்கள் பக்கம் போனாங்க. 1970 வாக்குல அங்க கம்பெனியே இல்ல. ஜப்பான் வண்டிகளோட போட்டியும் ஒரு காரணம்தான், மறுக்கல. ஆனா அந்தப் பேர் இன்னிக்கு உயிரோட இருக்குன்னா, பெத்த ஊர் கைவிட்டதை வளர்த்த ஊர் விடாம பிடிச்சுக்கிட்டதுதான் காரணம்.

பேருக்கு என்ன விலைன்னு கேக்குறீங்களா? அம்பாசடர் காரை 2014ல நிறுத்தினாங்க. 2017ல அந்தப் பேரை மட்டும் பிரான்ஸோட பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்குச்சு. வண்டி இல்ல, ஓடுற தொழிற்சாலை இல்ல, வெறும் பேர்! பஜாஜ் 2009ல ஸ்கூட்டரே வேண்டாம்னு முழுக்குப் போட்டாங்க. 2020ல மின்சார ஸ்கூட்டர் விக்க வந்தப்ப வச்ச பேர் என்ன? சேத்தக். 1996ல மூடின மைசூர் ஐடியல் ஜாவாவோட பேரும் 2018ல திரும்பி வந்துச்சு. அவ்வளவு ஏன், ராயல் என்ஃபீல்டே 2024ல காட்டின மின்சார பைக்குக்கு ரெண்டாம் உலகப்போர் காலத்து 'ஃப்ளையிங் ஃப்ளீ' பேரைத்தான் வச்சிருக்கு. தூக்கிப்போட்டதை எல்லாரும் குப்பையில தேடிக்கிட்டு இருக்கும்போது, கையில இருக்கிறதை வீசச் சொல்றது எந்த ஊர் வியாபாரம்?

"கிளாசிக் 350 இருக்கே, ரெண்டும் ஒண்ணுதானே"ம்பீங்க. அதேதாங்க என் பாயிண்டும்! ரெண்டுக்கும் அதே 349 சிசி எஞ்சின். அதனால புல்லட்டைத் தனியா வச்சிருக்க ஆகுற கூடுதல் செலவு ரொம்பக் கொஞ்சம். மார்ஜினல் காஸ்ட் பாடத்தைத் தூங்காம கேட்டிருந்தா புரியும். 2024-25ல கம்பெனி வித்தது 10 லட்சத்துக்கு மேல, அதுல பெரும்பகுதி 350 சிசி வண்டிங்கதான். 2025 செப்டம்பர்ல ஜி.எஸ்.டி. மாறினதுல 350 சிசி வரைக்கும் 18 சதவீதம், அதைத் தாண்டினா 40. நீங்க கொண்டாடுற 450 எல்லாம் 40ல உக்காந்திருக்கு. இந்த நேரத்துல 350ஐ எவனாவது கைவிடுவானா?

சரி, கம்பெனிக்கு ஜால்ரா அடிச்சுட்டான்னு நினைக்காதீங்க. அவங்ககிட்டயும் ஒரு சண்டை பாக்கி இருக்கு.

பேரை மட்டும் வச்சுக்கிட்டு மெக்கானிக்கை ரிட்டையர் பண்றீங்களே, அது நியாயமா? முத்தியால்பேட்டையிலயோ வில்லியனூர்லயோ ஒரு சின்னக் கடையில ரெண்டு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர் வச்சே பழைய புல்லட்டைப் பிரிச்சு மாட்டிடுவாங்க. காதாலயே டேப்பெட் சத்தம் கேட்டு கோளாறு சொல்ற ஆளுங்க அவங்க. புது வண்டியில கிக்கர் கிடையாது, பேட்டரி செத்தா தள்ளிக்கிட்டுதான் போகணும். கோளாறு பார்க்க ஸ்கேன் கருவி வேணும். அந்தக் கருவியும் பயிற்சியும் வெளி மெக்கானிக்குக்குக் கிடைக்கலைன்னா, புல்லட்டை இத்தனை வருஷம் ரோட்டுல ஓட வச்ச கைகளுக்குச் சோறு எங்க இருந்து வரும்?

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022ல கமிட்டி போட்டப்ப, அந்தப் பட்டியல்ல வாகனங்களும் இருந்துச்சு. அதைக் காகிதத்தோட விடக்கூடாது. பழைய ரெண்டு எஞ்சினுக்கும் உதிரிபாகம் தொடர்ந்து வரணும். ஸ்கேன் கருவியை நியாயமான விலைக்கு வெளிக்கடைக்கும் விக்கணும்.

எஞ்சினை ஆயிரம் தடவை மாத்துங்க, தப்பே இல்ல. பேரை விடாதீங்க, அந்தப் பேரைக் காப்பாத்தின கைகளையும் விடாதீங்க. ரெண்டு கட்சிக்காரங்களும் நாளைக்கு கேன்டீனுக்கு வாங்க, டீ என் செலவு, சண்டை உங்க செலவு.